பெட்ரோல் மிச்சமாகணும், சத்தமும் வரக்கூடாது: புது டயர் எடுக்கும் முன்

டயர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி நல்லா இருக்கும்?" அடுத்தது, "நாலும் சேர்த்து எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" பெட்ரோல் விலை நூறைத் தொட்ட பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "மைலேஜ் கொடுக்கிற டயரா, சத்தம் வராததா ஒண்ணு சொல்லுங்க."

கோவையில் டயர், வீல் அலைன்மென்ட் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் உண்டு. ஆனால் கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கும். ஒரே மாடலில்கூட சைஸ் மாறினால் தரப்புள்ளி மாறும்.

டயர் எப்படி பெட்ரோல் குடிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு ரப்பர் பந்தைக் கீழே போட்டால், விட்ட உயரத்துக்கு அது திரும்ப எழும்புவதில்லை. நசுங்கி நிமிரும்போது கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடுகிறது. கார் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் பட்டு இப்படித்தான் நசுங்கி நிமிர்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். இதை உருளும் தடை என்கிறோம். ரப்பர் கலவை, டயரின் எடை, பட்டனின் (தரையில் படும் ரப்பர்க் கட்டிகளின்) உயரம், பக்கச்சுவரின் கட்டமைப்பு, உள்ளே இருக்கும் காற்று எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

முன்பெல்லாம் இந்தத் தடையைக் குறைத்தால் ஈரத்தில் பிடிமானம் போய்விடும். இரண்டையும் ஒரே டயரில் கொடுக்க முடியாது என்றே தொழிலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பட்டன் ரப்பரில் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்க்கும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. மிச்செலின் 1992-ல் சிலிக்கா கலந்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். இன்று நல்ல டயரில் இரண்டும் கிடைக்கும். மலிவான டயரில் இன்றும் ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்திருப்பார்கள்.

சரி, எவ்வளவு மிச்சமாகும்? உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. ஐரோப்பாவில் கார் டயர்களுக்கு ஏ முதல் இ வரை ஐந்து எழுத்துகளில் லேபிள் கொடுக்கிறார்கள். அதில் டயர் சுமக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 6.5 கிலோவும் அதற்குக் கீழும் தடை இருந்தால் ஏ, 7.8 முதல் 9 வரை சி. நடுத்தரமான சி டயரை விட்டு ஏ டயருக்குப் போனால் தடை ஏறக்குறைய கால் பங்கு குறையும். பெட்ரோலில் அது 2.5 முதல் 5 சதவீதம். நின்று நின்று ஓடும் நகர ஓட்டத்தில் பிரேக்கிலும் ஐடிலிங்கிலும் நிறைய பெட்ரோல் போய்விடுகிறது. அதனால் கீழ்க்கணக்கான 2.5-ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில், டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்கிறது என்று வையுங்கள். அதற்குள் சுமார் 2,670 லிட்டர் பெட்ரோல் போட்டிருப்பீர்கள். லிட்டர் 100 ரூபாய் என்றால் 2,67,000 ரூபாய். அதில் 2.5 சதவீதம் சுமார் 6,700 ரூபாய். ஆக, ஒரு டயருக்கு 1,500 ரூபாய் அதிகம் கொடுத்தாலும் போட்ட காசு திரும்பிவிடும். 3,000 ரூபாய் அதிகம் கேட்டால் பெட்ரோல் மிச்சத்துக்காக மட்டும் அதை வாங்க வேண்டியதில்லை. மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கே போட வேண்டாம். அவர்கள் வண்டியில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பருக்கு வயதாகிவிடும்.

இங்கே இந்த அளவை எங்கே பார்ப்பது? ஃபிரிட்ஜ், ஏசிக்கு நட்சத்திர லேபிள் கொடுக்கும் மத்திய அரசின் பி.இ.இ. (BEE) அமைப்பு டயருக்கும் உருளும் தடையை வைத்து நட்சத்திரம் கொடுக்கும் திட்டத்தை, கட்டாயமில்லாத திட்டமாகக் கொண்டுவந்தது. நட்சத்திரம் கூடினால் தடை குறைவு. இது தவிர, உருளும் தடை, ஈரப் பிடிமானம், உருளும் சத்தம் மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ்-142 என்ற தர விதி இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் இதற்கான அறிவிப்பை வெளியிட்டது. இந்த விதி குறைந்தபட்சத் தகுதிக்கானது. தேர்வில் பாஸ் ஆனவர்களில் யார் முதல் மார்க் என்று அதில் தெரியாது. அதனால் நட்சத்திர லேபிள் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் கடைக்காரர்களும் அதைத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

யூடியூபில் ஐரோப்பிய டயர் ஒப்பீடுகளைப் பார்த்துவிட்டு வந்து அதே மாடல் வேண்டும் என்று நிற்பவர்களும் உண்டு. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்த பிறகு வெளிநாட்டு டயர் பலவற்றின் வரத்து குறைந்துவிட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும், இங்கே தயாராகும் டயர் அங்கே விற்பதன் அச்சு அசல் என்று எண்ணிவிடக் கூடாது. நம் ரோட்டுக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கட்டமைப்பை மாற்றுவதுண்டு.

இனி எங்கள் கடையில் அடிக்கடி வரும் ஒரு புகார். "புது டயர் போட்டதிலிருந்து மைலேஜ் குறைஞ்சிடுச்சு." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு பகுதி மீட்டர் காட்டும் மாயம். 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது அதன் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். பட்டன் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 12 குறைந்து 609 ஆகிவிடும். சுற்றளவு ஏறக்குறைய 2 சதவீதம் சின்னதாகிறது. ஓடோமீட்டர் சக்கரச் சுற்றைத்தான் எண்ணுகிறது. எனவே மொட்டை டயரில் நீங்கள் 98 கிலோமீட்டர் ஓடியதை அது 100 என்று காட்டும். புது டயர் போட்டதும் அந்த இலவசக் கிலோமீட்டர் மறைந்துவிடுகிறது. இது போக, தேய்ந்த டயரில் நசுங்க ரப்பரே குறைவு, அதனால் தடையும் நிஜமாகவே குறைவு. பழைய டயரின் கடைசி மாதத்தையும் புது டயரின் முதல் மாதத்தையும் ஒப்பிட்டால் உலகத்தின் எந்த டயரும் தோற்றுத்தான் போகும். அதற்காக மொட்டை டயரிலேயே ஓட்டலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் தவறு, ஐப்பசி மழையில் உயிருக்கும் ஆபத்து.

மைலேஜைக் கெடுக்கும் இன்னொரு விஷயம் அகலமான டயர் ஆசை. 165/80 ஆர்14 வரும் காரில் அலாய் வீலோடு 195, 205 என்று ஏற்றிவிடுவார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அகலம் கூடினால் எடை கூடும், காற்றைக் கிழிக்கும் பரப்பு கூடும், பெரும்பாலும் சத்தமும் கூடும். கார் கம்பெனி உங்கள் மாடலுக்குக் கொடுத்திருக்கும் சைஸ்களில் சின்னதுதான் பெட்ரோலுக்குச் சிக்கனம் என்பது பொதுவான நடைமுறை. எந்த சைஸ் எடுத்தாலும் அதோடு இருக்கும் எண்ணையும் எழுத்தையும் இறக்காதீர்கள். 88ஹெச் (88H) என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை தகுதி. "ஹெச் எதுக்கு, டி (T) போதும் சார், விலை கம்மி" என்று யாராவது சொன்னால், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் டோர் ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தினம் ஆபீஸ் போய்வரும் எஸ்யூவியில் பெரிய பட்டன் வைத்த ஆல்-டெரெய்ன் டயர் போடுவதைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டால் விற்பனை கெடும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

சத்தத்துக்கு வருவோம். ஐரோப்பிய டயர் லேபிளில் 68, 71 என்று ஒரு டெசிபல் எண் இருக்கும். பலரும் அதைக் காருக்குள் கேட்கும் சத்தம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ரோட்டோரம் கேட்கும் சத்தம். கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு உருண்டுபோகும்போது, பாதையின் நடுக்கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். தெருவில் குடியிருப்பவர்களுக்கான அளவு அது. 3 டெசிபல் குறைந்தால் ஒலிச் சக்தி பாதியாகிறது. ஆனால் காதுக்குப் பாதியாகத் தெரிய சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். லேபிளில் அமைதியான டயர், காருக்குள்ளும் அமைதியாக இருக்க வாய்ப்பு அதிகம். உத்தரவாதம் கிடையாது.

உள்ளே வரும் சத்தம் வேறு வகை. பட்டன் தரையில் அடிபடும் சத்தம், பட்டன்களின் இடைவெளியில் மாட்டிய காற்று பிதுங்கி வெளியேறும் சத்தம், டயருக்குள் இருக்கும் காற்றே குடம்போல் அதிர்ந்து 200 ஹெர்ட்ஸை ஒட்டி எழுப்பும் "ம்ம்ம்" என்ற ஓசை. கடைசியில் சொன்னது சஸ்பென்ஷன் வழியாகப் பாடிக்கு ஏறிவிடும். இதை அடக்க உள்பக்கம் ஃபோம் ஒட்டிய டயர்கள் வருகின்றன. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பஞ்சர் ஆனால் அந்த இடத்து ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு உள்ளிருந்து ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும். நெடுஞ்சாலையோரக் கடையில் அது சிரமம். சாதாரணக் காருக்கு இது தேவையில்லை என்பேன். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் யோசிக்கச் சொல்வேன். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் டயர் சத்தம்தான் காதில் நிற்கும்.

கடையில் டயரைக் கையில் எடுத்துப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். பட்டன்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். நல்ல டயரில் சின்னதும் பெரிதுமாகக் கலந்து வைத்திருப்பார்கள், சத்தம் ஒரே இடத்தில் குவியாமல் சிதறிவிடும். நடுவில் வெட்டுப்படாமல் சுற்றி ஓடும் பட்டை இருந்தால் நல்லது. தோள் பக்கம் பெரிய பெரிய இடைவெளி இருந்தால் சத்தத்துக்குத் தயாராக இருங்கள். "ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும்" என்று விற்கும் கடின ரப்பர் டயர் உழைக்கும்தான். பெட்ரோல் மிச்சமும் அமைதியும் அதோடு சேர்ந்தே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பாதி நேரம் சத்தத்துக்குக் காரணம் மாடலே இல்லை. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின் டயர்களை இடம் மாற்றாமல் விட்டால் பட்டன்கள் ரம்பப் பல் மாதிரி தேயும். உள்ளங்கையை டயர்மேல் ஒரு பக்கமாகத் தடவுங்கள், பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் குத்துவதாகவும் இருந்தால் அதுதான். இந்தச் சத்தத்தை பேரிங் போய்விட்டது என்று நினைத்து பேரிங்கை மாற்றியவர்கள் நிறைய. காலி ரோட்டில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் திருப்பினால் பேரிங் சத்தம் ஒரு பக்கத்தில் கூடும், மறுபக்கத்தில் குறையும். டயர் சத்தம் பெரும்பாலும் அப்படி மாறாது. சந்தேகம் தீரவில்லை என்றால் முன்டயரைப் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள், சத்தமும் இடம் மாறினால் டயர்தான். 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றி, அலைன்மென்ட் பார்த்தால் இந்தத் தொல்லை வராது.

காற்று பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். நாலு டயரிலும் 5 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் சுமார் 1 சதவீதம் போகும். அதைவிட, ஓரம் தேய்ந்து டயர் சீக்கிரம் முடிவதுதான் பெரிய நஷ்டம். பங்க்கில் எல்லா வண்டிக்கும் 35 என்று அடித்துவிடுகிறார்கள். உங்கள் எண் டோர் ஸ்டிக்கரில் இருக்கிறது, அதுவும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய எண். மைலேஜுக்காக 40 அடிப்பதும் வேண்டாம். நடுப்பக்கம் தேயும், ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். நைட்ரஜன் போட்டால் மைலேஜ் கூடும் என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் பேரம் கூடாது: ஈரப் பிடிமானம். அந்த ஐரோப்பிய லேபிளில் மழைமேகப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். எரிபொருளுக்கு ஏ, ஈரத்துக்கு டி (D) என்று ஒரு டயர் இருந்தால் அதை விட்டுவிட்டு, இரண்டிலும் பி வாங்கியதை எடுங்கள். ஒவ்வொரு எழுத்து இறங்கும்போதும் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் சில மீட்டர் கூடுகிறது. மழை நாளில் சிக்னலில் முன்னால் நிற்கும் லாரிக்கும் நமக்கும் இடையில் இருப்பதே அந்தச் சில மீட்டர்தான். இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் வண்டியைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

பணம் கொடுப்பதற்கு முன் பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் தயாரானது. தள்ளுபடி அதிகமாக இருந்தால் இந்த எண்ணையும் ஒருமுறை கூடுதலாகப் பாருங்கள். மாட்டியதும் அலைன்மென்ட் பிரிண்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை புது ரப்பரில் வழுவழுப்பு இருக்கும், வளைவில் வேகம் வேண்டாம். மைலேஜ் பார்க்க வேண்டும் என்றால் 1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரே பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டுத் தொடங்குங்கள். மூன்று டேங்க் கணக்கின் சராசரியை எடுத்துக்கொண்டு, அப்புறம் கடைக்கு வந்து சண்டை போடலாம்.