"நிக்கிற ஷெட்டுதானே சார்"னு இனி யாரும் சொல்லாதீங்க

போன வாரம் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் பாக்கப் போனேன், பழைய ஷெட்ட கல்யாண மண்டபமா மாத்தித் தரணுமாம், இந்த வருஷம் இப்படி நாலாவது. தோட்டத்துக்காரர் ஃபோன்ல ஒரு படம் காட்டுறாரு, ஓட்டுக்கூரை, மரத்தூணு, தொங்குற மஞ்சள் லைட்டு. "நம்ம புகைப்புரையையும் (ரப்பர் ஷீட்ட புகை போட்டு உணத்துற ஷெட்டு) இப்படி ஆக்கித் தாங்க சார், சுவரு நிக்கி, ஓடு நிக்கி, பெயிண்ட் அடிச்சா போதும், ஐப்பசில மவளுக்க நிச்சயத்த வெச்சே ஆரம்பிச்சிரலாம்". நான் ஸ்க்ரூ டிரைவர எடுத்து மச்சுக்குக் கீழ கிடந்த உத்திரத்துல குத்துனேன், கைப்பிடி வரைக்கும் உள்ள போச்சு. உருவுனா மாவு மாதிரி கொட்டுது, மொத்தமும் சிதல், கரையான். "முப்பது வருஷமா நிக்கே சார்"ங்காரு.

நிக்கும். தேங்காயும் ரப்பர் ஷீட்டும் வெச்சா நிக்கும், ஆசாரி அதுக்குத்தான் போட்டாரு, சரியாவும் போட்டாரு. தேங்காய் எந்திரிச்சு ஆடுமா? போட்டோ எடுக்க நாப்பது பேரு ஒரு மூலைக்கு ஓடுமா? வீட்டு ரூமுக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு கணக்கு வெப்போம், ஆளு கூடி நிக்கிற ஹாலுக்கு 500 கிலோ. நிக்கிறது வேற, தாங்குறது வேற, இத எத்தன வாட்டி சொல்லுகது!

அதுவும் புகைப்புரை. உள்ள தொட்டுப் பாருங்க, வருஷக்கணக்கா புகை படிஞ்சு தாரு மாதிரி விரல்ல ஒட்டும். அதுமேல துணி கட்டி சீரியல் லைட்டு போடணுமாம், தீப்பிடிக்க ஒரு பொறி போதாதா?

காத்து வரணும்னு பக்கச்சுவர இடிக்காதீங்க, கூரையே அந்த வெட்டுகல்லுச் சுவரு மேலதான் உக்காந்திருக்கு. தகர ஷெட்டு போடுறவங்க 2017 நவம்பர் 30-அ மறந்துட்டாங்களா? ஓகி புயல்ல ரப்பர் மரமே வரிசையா சாஞ்சுது. நாலு பக்கமும் திறந்த ஷெட்டுல காத்து அடியில பூந்து கூரையத் தூக்கும், அதனால தூண அஸ்திவாரத்தோட போல்ட் போட்டு முடுக்கணும்.

பார்க்கிங்குக்கு வயல மண்ணடிச்சு நிரப்பாதீங்க, தயவுசெஞ்சு. மடைய அடைச்சா தண்ணி பக்கத்து வயலுக்குத்தான் ஏறும், நம்ம ஊருல ரெண்டு பருவமழை. டிசைன் தொடங்குறதுக்கு முன்னாடியே நிலப் பயன்பாட்டு மாற்றம் என்னன்னு விசாரிங்க, ஹாக்கா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) லிஸ்ட்ல உங்க கிராமம் வருதான்னும் பாருங்க. இலவச பம்புசெட் கரண்ட்ல கல்யாண லைட்டு எரிக்கக்கூடாது. செப்டிக் டேங்க் உறைகிணறு குடிதண்ணிக் கிணத்துலருந்து 60 அடியாவது தள்ளி. வாசல் ரெண்டு, கதவு வெளிய திறக்கணும். ஸ்பீக்கர் ராத்திரி 10 மணியோட சரி, விடியுமுன்ன ரப்பர் பால் வெட்டப் போற ஆளும் அங்கதான் படுத்திருக்கு.

அவருகிட்ட சொன்னது இதான்: ஐப்பசி மழைல வேண்டாம், தைல வைங்க, தேங்காய் காயப்போடுற களத்துல பந்தல் போடுங்க. புகைப்புரை பின்னால அப்படியே நிக்கட்டும், படத்துல நல்லாவே விழும்.