17ஆம் காம்பரா

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டதே என்று அதற்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை இறக்கி டிவிடியில் ஏற்றினேன். டிவிடியைத் திறந்தால் ஐஎஸ்ஓ கோப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிவிடி பழுதா அண்ணே?"

பழுதில்லை தம்பி. நீங்கள் கோப்பைக் காப்பி செய்திருக்கிறீர்கள், பர்ன் செய்யவில்லை.

இரண்டிலும் லேசர் செய்யும் வேலை ஒன்றுதான். 650 நனோமீற்றர் சிவப்பு ஒளி, டிவிடியின் சாயப் படலத்தைச் சுருள் பாதையில் புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டு போகும். வித்தியாசம், எதை எந்த இடத்தில் சுடுகிறது என்பதில் இருக்கிறது.

டிவிடியை ஒரு நீண்ட லயமாக, அதாவது தோட்டத்து வரிசை வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பராவிலும் (அறையிலும்) 2048 பைட்டு. இலக்கம் 0இல் தொடங்கும், கணினிக்காரர்களின் பழக்கம் அப்படி. கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிக்கிற சின்ன நிரலான பயோஸ், இன்றைக்குத்தான் தோட்டத்துக்கு வந்த தப்பால்காரர் மாதிரி. கோப்பு, ஃபோல்டர் எதுவும் அவருக்குத் தெரியாது. டிவிடி என்றால் நேரே 17ஆம் காம்பராவுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அங்கே 'எல் டொரிட்டோ ஸ்பெசிஃபிகேஷன்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். (1995இல் வந்த விதிமுறை இது. ஸ்பானிய மொழியில் 'சின்னக் காளை'. கலிபோர்னியாவில் ஒரு உணவகத்தின் பெயரை வைத்துவிட்டார்களாம்!) இருந்தால், பக்கத்தில் இன்னொரு காம்பராவின் இலக்கம் இருக்கும். அங்கே போனால் ஒரு பட்டியல். அதில் 55, ஏஏ என்ற இரண்டு பைட்டு முத்திரை சரியாக இருந்தால், தொடக்க நிரல் எந்தக் காம்பராவில் இருக்கிறது என்பது தெரியவரும். பெரும்பாலும் 2048 பைட்டுதான் அந்த நிரலின் முதல் துண்டு. அதை நினைவகத்தில் ஏற்றிவிட்டு பயோஸ் ஒதுங்கிக்கொள்ளும். மிச்சத்தை அந்தப் பொடியன் பார்த்துக்கொள்வான்.

ஐஎஸ்ஓ கோப்பு என்பது முழு லயத்தின் நகல். பர்ன் செய்தால் 0ஆம் காம்பராச் சாமான் 0இல் இறங்கும், 17இன் சாமான் 17இல் இறங்கும். காப்பி செய்தாலோ கணினி புதிதாக ஒரு லயம் கட்டி, உங்கள் லயம் முழுவதையும் மூட்டை கட்டி உள்ளே எங்கேயோ போட்டுவிடும். புது லயத்தின் 17இல் காளை இல்லை. தப்பால்காரர் திரும்பிவிடுவார்.

எனக்கு மிகப் பிடித்தது 0 முதல் 15 வரையான காம்பராக்கள். டிவிடியில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 9660 தரம் அந்த 32,768 பைட்டையும் சும்மா விட்டிருந்தது. பென்டிரைவ் என்றால் பழைய பயோஸ் பார்ப்பது முதல் 512 பைட்டைத்தான். அப்படியானால் காலிக் காம்பராவில் பென்டிரைவுக்கான நிரலைக் குடிவைத்தால் என்ன என்று லினக்ஸ்காரர்களுக்குத் தோன்றியது. ஒரே கோப்பு, டிவிடிக்கு ஒரு வாசல், பென்டிரைவுக்கு ஒரு வாசல்! அதனால்தான் பென்டிரைவிலும் வெறுமனே காப்பி செய்யாமல் ரூஃபஸ், எட்சர் மாதிரி மென்பொருளால் எழுதச் சொல்கிறோம்.

எங்கள் பக்கத்து டவுனில் ஒரு கடைக்காரர் ராகு காலத்தில் பர்ன் செய்யமாட்டார். விபூதியும் உண்டு. விபூதித் தூள் லென்ஸுக்கு ஆகாது என்று சொன்னால் கோபப்படுகிறார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பாடசாலையில் 'படிமக் கோப்பு' (ஐஎஸ்ஓ மாதிரி நகல் கோப்பு) என்ற சொல்லை மனனம் செய்யவைத்தார்களே தவிர, 17ஆம் காம்பராவை யார் காட்டினார்கள்? நேரம் பார்ப்பதற்குப் பதில், கோப்பு பிழையில்லாமல் இறங்கியதா என்று காட்டும் கைரேகையான எஸ்எச்ஏ-256 பாருங்கள். இறக்கிய தளத்தில் போட்டிருக்கும் 64 எழுத்தும் உங்கள் கோப்பின் 64 எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம், இடி மழை நாளில் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் டிவிடி-ஆர் அவ்வளவுதான்; சுட்ட சாயம் பழையபடி ஆகாது.

தம்பி, அந்த டிவிடியை எறிந்துவிடாதீர்கள். மூட்டை உள்ளே பத்திரமாக இருக்கிறது. கோப்பை வெளியே எடுத்து ரைட் கிளிக் செய்து 'பர்ன் டிஸ்க் இமேஜ்' கொடுத்து இன்னொரு டிவிடியில் இறக்குங்கள். டேட்டா மிச்சம்.