பேரடைகளில் நடப்பது ‘தணிப்பு’ அன்று, ‘அவிதல்’

வானியல் கட்டுரைகளில் ‘குவென்ச்சிங்’ (quenching) என்ற ஆங்கிலச் சொல் வந்தால் போதும், ‘தணிப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் ஒருபடி மேலே போய் ‘குளிர்விப்பு’ என்பவர்களும் உண்டு. முதலாவது மங்கலான சொல். இரண்டாவது பொருளையே தலைகீழாக்கும் சொல்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் நெருப்பை, விளக்கை அணைப்பதைக் குறித்த வினை அது. தாகம் தீர்ப்பதும் காய்ச்சிய இரும்பை நீரில் முக்குவதும் அதன் பிற பொருள்கள். இரும்புக்குக் கொல்லர் பட்டறையில் ‘தோய்ச்சல்’ என்ற சொல் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். வானியலார் எடுத்துக்கொண்டது விளக்கணைக்கும் பொருளைத்தான். விண்மீன்களின் மாபெரும் தொகுதியான பேரடை (கேலக்ஸி) ஒன்றில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுபோவதே குவென்ச்சிங்.

‘குளிர்விப்பு’ ஏன் தவறு? விண்மீன் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். மூலக்கூறு ஹைட்ரஜன் முகில்கள் 10 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்த பிறகே தம் ஈர்ப்பில் சுருங்கி விண்மீனாகின்றன. கன்னிக் கொத்து, கோமா கொத்து போன்ற பேரடைக் கூட்டங்களில் பேரடைகளுக்கு இடையே நிரம்பிக் கிடக்கும் வாயுவோ 1 கோடி முதல் 10 கோடி கெல்வின் வரை கொதிக்கிறது. அதற்குள் விழும் பேரடை தன் குளிர்ந்த வாயுவை இழக்கிறது. வெளியே இருக்கும் வாயு குளிர்ந்து உள்ளே வருவதுமில்லை. குளிர்ச்சி கிடைக்காததால் நின்றுபோன ஒன்றுக்குக் ‘குளிர்விப்பு’ என்று பெயரிட்டால் படிக்கும் மாணவர் என்ன புரிந்துகொள்வார்?

‘தணிப்பு’ இவ்வளவு மோசமில்லை; ஆகவேதான் அது ஒழிய மறுக்கிறது. தாகம் தணிகிறது, சினம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. எல்லாமே குறைவதைச் சொல்கின்றன, முடிவதைச் சொல்வதில்லை. தீ தணிந்தது என்றால் உள்ளே கங்கு இருக்கலாம். தீ அவிந்தது என்றால் முடிந்தது. வானியலில் இந்த வேறுபாடு அளவுகோலாகவே இருக்கிறது. ஓர் ஆண்டில் பிறக்கும் விண்மீன்களின் நிறையைப் பேரடையின் மொத்த விண்மீன் நிறையால் வகுத்து, அது ஏறத்தாழ பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போனால்தான் இன்றைய பேரடை ஒன்றை விண்மீனாக்கம் நின்ற வகையில் சேர்ப்பது வழக்கம். விண்மீனாக்கம் பாதியாகக் குறைந்த பேரடையைத் ‘தணிந்தது’ எனலாம், தவறில்லை. ஆனால் அது இந்த வகையில் சேராது. குறைந்ததற்கும் நின்றதற்கும் ஒரே சொல்லை வைத்தால் பட்டியலே குழம்பும்.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் இதற்குக் காரணம். மொழிபெயர்ப்பவர் இயற்பியலைப் படிப்பதில்லை, சொல்லை மட்டும் படிக்கிறார். ‘விண்மீன் அணைப்பு’ என்பதும் அதே பழக்கத்தில் வந்ததுதான். அணைப்பு என்றால் தழுவலும் ஆகும் என்பது சிறு குறை. பெருங்குறை, இருக்கிற விண்மீன்கள் அணைவதாகப் பொருள்படுவது. அவை எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. புதியவை பிறக்காததால் சில கோடி ஆண்டுகளே வாழும் நீல நிறப் பெருவிண்மீன்கள் முதலில் மறைகின்றன. நெடுங்காலம் வாழும் சிவப்பு விண்மீன்கள் மிஞ்சுகின்றன. எனவே பேரடை சிவக்கிறது. (சிவந்ததெல்லாம் அவிந்ததும் அன்று, தூசு மறைத்தாலும் பேரடை சிவப்பாகத் தெரியும். நிறத்தை மட்டும் நம்பாமல் புதிய விண்மீன்கள் பிறப்பதைக் காட்டும் 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளிக்கோட்டையும் பார்க்க வேண்டும்.)

‘விண்மீனாக்கம் அவிதல்’ என்பதே சரி. ‘ஐந்தவித்தான்’ என்று குறள் சொல்லும் அடக்கி அழிக்கும் பொருள் அதில் இருக்கிறது. இட்லி அவிப்பது நினைவுக்கு வருமே என்பார்கள். விளக்கு அவிந்தது என்றால் யாரும் சமையலை நினைப்பதில்லை. இன்னொரு வசதி, அவிதல் தன்வினை, அவித்தல் பிறவினை. பேரடை தன் உள்காரணங்களால் நின்றால் ‘அவிந்தது’, கொத்து நிறுத்தினால் ‘அவிக்கப்பட்டது’. 2010இலிருந்து ஆய்வாளர்கள் நிறைவழி, சூழல்வழி என்று பிரித்துப் பேசுவதைத் தமிழ் வினையே காட்டிவிடுகிறது.

சூழல்வழி அவித்தலின் உட்சொற்களிலும் இதே கோளாறு. 1972இல் வானியலாளர்கள் கன், காட் இருவரும் விளக்கிய முறைக்கு (ram pressure) ‘ராம் அழுத்தம்’ என்று எழுதுகிறார்கள். ஆள்பெயர் போல இருக்கிறது. நொடிக்கு 1000 கிலோமீட்டர் வேகத்தில் கொத்து வாயுவுக்குள் பாயும் பேரடையின் மீது எதிர்காற்று அடிக்கிறது. அழுத்தம் வாயுவின் அடர்த்தியோடும் வேகத்தின் இருமடியோடும் ஏறும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. ஈர்ப்பு தளர்ந்த வெளிவிளிம்பு வாயு முதலில் கழன்று வாலாக நீள்கிறது, விண்மீன்கள் இடம் பெயர்வதில்லை. கன்னிக் கொத்தின் என்ஜிசி 4522 என்ற பேரடை இதற்கு நல்ல சான்று. ‘எதிர்காற்று உரிப்பு’ என்றால் போதும்.

‘ஸ்ட்ராங்குலேஷன்’ (strangulation) என்பதைக் ‘கழுத்து நெரிப்பு’ என்று மொழிபெயர்ப்பது இன்னும் தவறானது. 1980இல் லார்சன், டின்ஸ்லி, கால்டுவெல் முன்வைத்த கருத்தில் யாரும் எதையும் நெரிக்கவில்லை. பேரடையைச் சூழ்ந்த வாயு இருப்பு பறிபோகிறது, பேரடையின் தட்டையான வட்டுக்குள் இருக்கும் வாயுவைக் கொண்டு விண்மீனாக்கம் தொடர்கிறது. வரத்துக்கால் அடைபட்ட ஏரி கையிருப்பு நீரோடு சில காலம் பாசனம் தருவது போலத்தான். ஆகவே ‘வரத்தறுதல்’. புதிய வாயு வந்து கலக்காததால் மிச்ச வாயுவில் உலோகச் செறிவு (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாமே உலோகம்) கூடிக்கொண்டே போகும். 2015இல் பெங், மயோலினோ, காக்ரேன் இந்தத் தடயத்தை வைத்துத்தான் விண்மீனாக்கம் ஓய ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். உரிப்பு வேகமானது, வரத்தறுதல் மெதுவானது. இரண்டையும் ‘தணிப்பு’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் இந்தக் கால வேறுபாடு கட்டுரையில் எங்கும் தெரியாது.