கையில் இருப்பது எந்த வகை அவார்டு?

வணிக ஒப்பந்தத் தகராறில் அவார்டு, அதாவது நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தகராறை விசாரிக்கும் நடுவர் வழங்கும் தீர்ப்பு, வந்து சேர்ந்ததும் பலரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தொகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எந்த வகைத் தீர்ப்பு அது, கையொப்பமிட்ட பிரதி எந்தத் தேதியில் கிடைத்தது என்ற இரண்டையும் அதற்கு முன்பே கவனித்தாக வேண்டும். எதிர்த்து மனுச் செய்யும் உரிமை இவ்விரண்டையும் பொறுத்தே அமைகிறது.

1996-ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி தீர்ப்பு எழுத்து வடிவில், தேதியும் இடமும் குறிப்பிட்டு, நடுவர்களின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். மூன்று நடுவர்கள் இருந்து, ஒருவர் கையெழுத்திடாவிட்டால் பெரும்பான்மையினரின் கையொப்பமே போதும். ஆனால் விடுபட்டதற்கான காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். காரணம் தேவையில்லை என்று தரப்பினரே ஒப்புக்கொண்டாலன்றி, முடிவுக்கான காரணங்களும் இருந்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற டைனா டெக்னாலஜீஸ் வழக்கில், காரணங்கள் முறையானவையாகவும் புரியும்படியும் போதுமானவையாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் விளக்கியது.

தரப்பினர் சமரசமாகி, அதை நடுவர் பதிவு செய்து வழங்கும் ஒப்புதல் தீர்ப்புக்குக் காரணங்கள் தேவையில்லை. மற்றத் தீர்ப்புகளுக்குள்ள அதே மதிப்பு அதற்கும் உண்டு. எழுப்பிய கோரிக்கை ஒன்று முடிவு செய்யப்படாமல் விடுபட்டிருந்தால், 30 நாட்களுக்குள் கூடுதல் தீர்ப்புக் கேட்கலாம்.

அதிகம் ஏமாற்றுவது, வழக்கு முழுதும் முடியும் முன்பே ஒரு பகுதியை மட்டும் முடிவு செய்யும் இடைக்காலத் தீர்ப்புதான். கோரிக்கை காலாவதியாகிவிட்டதா என்ற கேள்வியை நடுவர் முதலிலேயே முடிவு செய்தால், அது இடைக்காலத் தீர்ப்பே என்றும் அதனை, தீர்ப்பை ரத்து செய்ய நீதிமன்றத்தில் கேட்பதற்கான 34-ஆவது பிரிவின்கீழ், தனியாக எதிர்க்கலாம் என்றும் இஃப்கோ – பத்ரா புராடக்ட்ஸ் வழக்கில் 2018-இல் முடிவானது. ஆனால் ‘எனக்கு அதிகார வரம்பு உண்டு’ என்று நடுவர் சொல்லும் உத்தரவை உடனே எதிர்க்க முடியாது. இறுதித் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரியான தாள்கள்தாம். வெறும் உத்தரவு என்று நினைத்து ஒருவர் ஓரமாக வைத்துவிடுவது, காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும் தீர்ப்பாகவும் இருக்கலாம்.

அந்தக் காலக்கெடு, பிரதி கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாட்கள். அதற்குமேல் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரமில்லை. திருச்சியைச் சேர்ந்த ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்கும் தெற்கு ரயில்வேக்கும் இடையிலான வழக்கில், தபால் பிரிவில் பிரதி சேர்ந்ததைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்றும், வழக்கைக் கையாண்ட தலைமைப் பொறியாளருக்குக் கிடைத்த நாளே கணக்கு என்றும் 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பெரிய அரசுத் துறைக்குச் சொன்ன இந்த விளக்கத்தைச் சிறு நிறுவனங்கள் தங்களுக்கும் பொருந்தும் என்று நம்பியிருக்க வேண்டாம். தபால் உறையையும் அதன் தேதி முத்திரையையும் தீர்ப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஒருதலைப்பட்சமாக, அதாவது எதிர்த்தரப்பு வராமலேயே, வழங்கப்படும் தீர்ப்புகள் கடன் வழக்குகளில் கவலை தருகின்றன. பழைய முகவரிக்கு நோட்டீஸ் போய், தீர்ப்புத் தொகையை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவில் ஜப்தி வரும்போதுதான் கடன் வாங்கியவருக்குச் செய்தியே தெரிகிறது. எதிர்த்தரப்பு எதிர்வாதத்தைத் தாக்கல் செய்யாததையே ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தகராறின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு மட்டும் ஒற்றை நடுவரை நியமிப்பது செல்லாது என்பதும் 2019-இன் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற நெறி.

இனி எண்ணிக்கை. ‘பாதி அவார்டுகள் கோர்ட்டில் ரத்தாகின்றன’ என்பது போன்ற பேச்சைக் கேட்டு, ஒப்பந்தத்தில் நடுவர் விதியே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. நீதிமன்றப் பதிவுகளில் தெரிவது எதிர்க்கப்பட்ட தீர்ப்புகளும் நிறைவேற்று மனுவுக்கு வந்தவையும் மட்டுமே. தோற்றவர் பணத்தைக் கட்டி முடித்துக்கொண்டவை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. நடவடிக்கைகள் இரகசியமாக இருக்க வேண்டும் என்று 42ஏ பிரிவும் கட்டளையிடுகிறது. எதிர்க்கப்பட்டவற்றை மட்டும் வைத்து எல்லாவற்றுக்கும் விழுக்காடு சொல்வது தவறான கணக்கு.

‘ரத்து’ என்ற கணக்கிலும் கவனம் வேண்டும். நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் ஹக்கீமுக்கும் இடையிலான தமிழ்நாட்டு வழக்கில், தீர்ப்பை மாற்றியமைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 2021-இல் சொல்லப்பட்டது. சென்னையிலிருந்து சென்ற காயத்ரி பாலசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்த நிலையைத் தளர்த்தியது. பிரிக்கக்கூடிய பகுதியை மட்டும் நீக்கவும், வெளிப்படையான கணக்குப் பிழையைத் திருத்தவும், தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியை மாற்றவும் இப்போது வரையறுக்கப்பட்ட அதிகாரம் உண்டு. ஆகவே 2025-க்கு முந்தைய ரத்துகளையும் பிந்தைய ரத்துகளையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட முடியாது.