சென்ட்ரல் லாக்: மோட்டாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

கொஞ்சம் வயதான காரில் சென்ட்ரல் லாக் (ஒரு கதவைப் பூட்டினால் எல்லாக் கதவும் பூட்டும் அமைப்பு) ஒரு கதவில் மட்டும் முரண்டு பிடிக்க ஆரம்பித்தால், கடையில் முதலில் சொல்வது "மோட்டார் போயிடுச்சு சார்" என்பதுதான். போயிருக்கலாம். ஆனால் எனக்கு முதல் சந்தேகம் வயர் மேல்தான்.

ஆல்ட்டோ, சான்ட்ரோ மாதிரி வண்டிகளில் வெளியே வாங்கிப் பொருத்திய செட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார், லாக் கம்பியைத் தள்ளி இழுக்க. அதற்கு இரண்டே வயர். ஒன்றில் பிளஸ் வந்தால் பூட்டும், மற்றதில் வந்தால் திறக்கும். டிரைவர் கதவில் மட்டும் ஐந்து வயர் இருக்கும், கூடுதல் மூன்றும் மோட்டாருக்குள் இருக்கும் சுவிட்சுக்கு. சாவியைத் திருப்பியதும் அந்த சுவிட்ச் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள பெட்டிக்குத் தகவல் அனுப்புகிறது, பெட்டியில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கண நேரம் இழுத்து விடுகிறது, அவ்வளவுதான். (பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 தனி ரகம். அதில் லாக்கை இழுப்பது வெற்றிடக் குழாய். டீசல் எஞ்சினை நிறுத்துவதும் அதே வெற்றிடம்தான், அதனால் குழாய் கசிந்தால் எஞ்சினைச் சாவியால் அணைக்க முடியாமல்கூடப் போகும்.)

அதனால் முதலில் காதைத் தீட்டுங்கள். சாவியைத் திருப்பும்போது பெட்டியில் 'டிக்' சத்தமே இல்லையென்றால் பியூஸ், எர்த் (பாடியோடு சேரும் மைனஸ் வயர்), டிரைவர் கதவு சுவிட்ச் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். டிக் கேட்கிறது, மூன்று கதவு பூட்டுகிறது, ஒன்று மட்டும் சும்மா இருக்கிறது என்றால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு அந்தக் கதவோடு முடிகிறது.

அங்கே கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வயர் வளைவது இந்த இடத்தில்தான். வெளியுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து கடைசியில் ஓரிரண்டு மிஞ்சும். வயரை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தால், அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும்.

இங்கேதான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஆளை ஏமாற்றும். பெட்டி பிளஸ் கொடுக்கும் அந்த நொடியில் அளந்தால், ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுப்பதில்லை. மோட்டாருக்கு வேண்டியது ஆம்பியர் கணக்கில். 4 ஆம்பியர் ஓடும்போது வழியில் 1 ஓம் தடை இருந்தால் அங்கேயே 4 வோல்ட் போய்விடும், மிச்சத்தில் மோட்டார் முனகும். அதனால் மோட்டார் கனெக்டரைக் கழற்றிவிட்டு அங்கே 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி லாக் போட்டுப் பாருங்கள். பளிச்சென்று மின்னினால் வயர் சரி, மங்கினால் வயர்தான். வயர் சரியென்றால் அப்புறம் மோட்டாரைத் திட்டலாம், அதற்கும் முன்னால் லாக் கம்பியைக் கையால் நகர்த்தி, இறுகியிருந்தால் கிரீஸ் வையுங்கள்.

சோதிக்கிறேன் பேர்வழி என்று லாக்கைத் தொடர்ந்து போட்டுப் போட்டு எடுக்காதீர்கள். சில மோட்டார்களில் சூடானால் தடை ஏறித் தானாக ஓய்வெடுக்கும் ஒரு பாகம் உண்டு, நல்ல மோட்டாரே செத்த மாதிரி நடிக்கும்.

அறுந்த வயரை ரப்பர் குழாய்க்குள்ளேயே சால்டர் செய்து ஒட்டுவதும் வேண்டாம். ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய், அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள புது வயரைக் குழாய் வழியாக விட்டு, ஒட்டு ஒன்றைக் கதவுக்குள்ளும் மற்றதைப் பாடிப் பக்கத்திலும், வளையாத இடமாகப் பார்த்துப் போடுங்கள்.