கிணற்று மோட்டாரும் புளியமரமும்

திருமங்கலம் பக்கம் எங்கள் சித்தப்பா தோட்டத்தில் மோட்டார் தரையில் இருக்காது. கிணற்றுக்குள் 20 அடி கீழே, பக்கச்சுவரில் கட்டிய திட்டில் உட்கார்ந்திருக்கும். மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது. அந்த வகை மோட்டார் உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கும். வெளிக்காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளும். காற்றின் வலு ஏறக்குறைய 33 அடியோடு சரி. நடைமுறையில் 25 அடி ஏறுவதே பெரும்பாடு.

அதே கிணற்றுமேட்டில் ஒரு புளியமரம், 60 அடி இருக்கும். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. ஆனாலும் உச்சிக்கொழுந்து பச்சையாகவே இருக்கிறது.

பள்ளியில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. அது பாதிக் கதைதான். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் தண்ணீர் தானாக ஏறுவது ஓர் அடி அளவுக்குத்தான். மிச்சம் 59 அடி?

விடை தண்ணீரின் பிடிவாதத்தில் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்னேற்றம், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்னேற்றம். அதனால் ஒவ்வொரு மூலக்கூறும் அக்கம்பக்கத்தில் நான்கு பேர் வரை பிடித்துக்கொள்ளும். இலையின் செல்சுவர்களில் கண்ணுக்கே தெரியாத நுண்ணிய இடுக்குகள் உண்டு. வெயிலில் அங்கிருந்து ஈரம் ஆவியாகப் போகப்போக, இடுக்குகளில் தண்ணீரின் மேற்பரப்பு உள்வாங்கி வளைகிறது. பின்னாலிருக்கும் தண்ணீரை இழுக்கிறது. அது தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கும். இப்படியே கிளை, தண்டு, வேர் வரைக்கும். சித்திரைத் தேர்வடத்தை முன்னால் இழுத்தால் பின்னால் இருக்கும் தேர் நகர்கிறதே, அதேதான். இங்கே வடமே தண்ணீர். 1894ல் டிக்சன், ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அயர்லாந்தின் டப்ளினில் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள்.

வடத்துக்கு எதிரி காற்று. சின்ன வயதில் மோட்டார் வெறுமனே ஓடினால் சித்தப்பா கத்துவார்: "ஏர் பிடிச்சுக்கிச்சுடா, ஒரு வாளி ஊத்து!" படியிறங்கி ஊற்றியது நான்தான். மரத்துக்கு ஊற்ற ஆளில்லை. அதனால் அது ஒரே பெரிய குழாயை நம்புவதில்லை. ஆயிரக்கணக்கான நுண்குழாய்களை வைத்திருக்கிறது. ஒன்றில் குமிழி விழுந்தால், பக்கத்துக் குழாய்க்கு அது பரவாதபடி இடையிலுள்ள சல்லடை போன்ற சவ்வு பெரும்பாலும் தடுத்துவிடும். தண்ணீர் சுற்றிப் போய்விடும். எந்த இன்ஜினீயர் யோசித்தாலும் இதுதான் சரியான ஏற்பாடு.

மூலக்கூறுகளின் இந்தப் பிடியை உதறிக்கொண்டு ஆவியாக வெப்பம் வேண்டும். நம்மூர் வெயிலில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 580 கலோரி போல ஆகும். அதே ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். அந்த 580ஐ இலை தன் சூட்டிலிருந்தே கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. மே மாத மத்தியானம் தகரக் கொட்டகையை விட்டு எல்லோரும் புளியமரத்தடிக்கு ஓடுவதில் நிழலுக்குப் பாதிப் பங்கு என்றால், இதற்கும் ஒரு பங்கு உண்டு. (பேய் பயமெல்லாம் ராத்திரிக்கு.)

மண் காய்ந்தால் வேரில் வரத்து குறையும், மேலே இழுப்பு ஏறும். மரம் முதலில் இலைத்துளைகளை மூடிப் பார்க்கும். அதையும் மீறினால் தண்ணீர் இழைகள் ஒவ்வொன்றாக அறும். அறும்போது ஒரு 'டிக்' உண்டு. பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத மீயொலி. தண்டில் கருவி பொருத்தினால் கேட்கலாம்.