ஆல்பம்: தொகுப்பா, கோவையா?

இசையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே வந்து நிற்கிற சொல் ‘ஆல்பம்’. ‘இசைத்தொகுப்பு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் பழைய ஆல்பங்களையும் அவற்றின் மறுவெளியீடுகளையும் அடுத்தடுத்துக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அந்தத் ‘தொகுப்பு’ உறுத்தத் தொடங்கியது.

முதலில் வேர். லத்தீனில் ‘ஆல்புஸ்’ என்றால் வெள்ளை. பழைய ரோமில் வெள்ளை பூசிய பலகையைப் பொது இடத்தில் வைத்து அதில் நீதியதிகாரியின் ஆணைகளை எழுதினார்கள். அந்தப் பலகைக்குப் பெயர் ஆல்பம். பிறகு 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்க வைத்திருந்த வெற்றுத்தாள் புத்தகத்துக்கு அந்தப் பெயர் போனது. நம் கல்லூரிக் கடைசி நாள் ஆட்டோகிராஃப் நோட்டுதான், வேறொன்றுமில்லை. அடுத்து தபால்தலை, போட்டோ. முட்டையின் வெள்ளைக்கருவைக் குறிக்கும் ‘ஆல்புமென்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்டோ அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டினார்கள். பிரிந்துபோன பங்காளிகள் ஒரே பக்கத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

இசைக்கு எப்படி வந்தது? நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். ஒரு சிம்பொனி முழுக்க வேண்டுமென்றால் நாலைந்து தட்டு ஆகும். அவற்றை உறை உறையாகத் தைத்த கனத்த அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். பார்க்கப் போட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால் அதே பெயர். 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்ததும் புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. தமிழில் இன்னும் வேடிக்கை. சினிமாவில் வராத பாட்டு ஒன்றே ஒன்று வெளிவந்தாலும் ‘ஆல்பம் சாங்’ என்கிறோம்.

சரி, கேப்ரியலிடம் வருவோம். ஜெனிஸிஸ் என்ற ராக் குழுவிலிருந்து 1975இல் விலகித் தனியாகப் பாட வந்தவர், 1977, 1978, 1980, 1982 என நான்கு ஆல்பம் வெளியிட்டார். நான்குக்கும் ஒரே பெயர்: ‘பீட்டர் கேப்ரியல்’. வாரப் பத்திரிகைக்கு இதழ்தோறும் தலைப்பா மாறுகிறது, அட்டைப்படம்தானே மாறுகிறது என்பது அவர் எண்ணம். வெள்ளைப் பலகையை வெள்ளையாகவே விட்டுவிட்டார். ரசிகர்கள் விடுவார்களா? மழைத்துளி முத்துமுத்தாக நிற்கும் காருக்குள் அவர் உட்கார்ந்திருக்கும் முதல் உறை ‘கார்’ ஆனது. இரண்டாவதில் தன் படத்தையே விரல்களால் மேலிருந்து கீழாகக் கிழிக்கிறார், கிழிந்த இடம் பட்டை பட்டையாக வெள்ளை வெளேரென்று தெரிகிறது. அது ‘ஸ்க்ராட்ச்’. பாதி முகம் உருகி வழியும் மூன்றாவது, ‘மெல்ட்’. போலராய்டு படம் காய்வதற்குள் அதன் சாயத்தை அழுத்தித் தேய்த்து எடுத்த உருவம் அது. நான்காவதற்கு அமெரிக்க நிறுவனமே பொறுமையிழந்து, உறைமேல் ‘செக்யூரிட்டி’ என்று ஒட்டி விற்றது. இப்போது இணையத்தில் அந்த ஆல்பங்களைத் தேடினால் எண்ணும் பட்டப்பெயரும் சேர்ந்தே அதிகாரபூர்வமாக நிற்கின்றன. ஊர் வைத்த பெயர் பட்டாவில் ஏறிவிட்டது.

இதில் மொழிபெயர்ப்பாளனுக்கு என்ன வேலை என்றால், 1986இல் வந்த ஐந்தாவது ஆல்பம். பெயர் ‘சோ’ (துக்ளக் ஆசிரியராக இருந்த சோ அல்ல). அந்த எல்.பி.யின் இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு ‘இன் யுவர் ஐஸ்’. கேப்ரியல் அதைக் கடைசியில் வைக்கத்தான் விரும்பினார். தட்டு இடம் கொடுக்கவில்லை.

எல்.பி. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காரணம் புரியும். தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு ஊசி கடக்கும் தூரம் அதிகம். நடுவே லேபிளை நெருங்க நெருங்கச் சுற்று சுருங்கி, அந்தத் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும். கனத்த பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி வந்தால், ஊசி ஓடும் பள்ளம் இரு பக்கமும் அகலமாக ஆடி ஆடிப் போகும், அதற்கு இடம் வேண்டும். ‘இன் யுவர் ஐஸ்’ பாட்டில் பேஸ் கனம். அதனால் அது பக்கத்தின் தொடக்கத்துக்கு, விளிம்பு ஓரத்துக்குப் போனது. 2002இல் ரீமாஸ்டர் செய்து, அதாவது ஒலியைப் புதிதாகச் சீர்செய்து, குறுந்தகடாக மறுபடி வெளியிட்டபோது ஊசியும் இல்லை, பள்ளமும் இல்லை. பாட்டு அவர் விரும்பிய கடைசி இடத்துக்கு நகர்ந்தது. எல்.பி.யில் கேட்டால் பாதிவழியில் வரும் வெளிச்சம், மறுவெளியீட்டில் பயணம் முடியும் இடத்தில் வருகிறது. பாட்டுகள் மாறவில்லை, ஆல்பம் மாறிவிட்டது.

இங்கேதான் ‘தொகுப்பு’ தோற்கிறது. தொகை என்பது பலர் பல காலத்தில் பாடியதைப் பின்னால் ஒருவர் சேர்ப்பது. குறுந்தொகைப் பாட்டுகளை இடம் மாற்றி வாசித்தாலும் குடி முழுகாது. கோவை அப்படியில்லை. கோத்தது கோவை. அகப்பொருட்கோவையில் தலைவனும் தலைவியும் முதன்முதல் பார்ப்பதில் ஆரம்பித்து, களவு, கற்பு என்று துறைகள் முறையாக வரும். திருக்கோவையாரின் நானூறு பாட்டையும் கலைத்துப் போட்டால் கதை கலைந்துவிடும்.

இரண்டுக்கும் கேப்ரியலிடமே உதாரணம் இருக்கிறது. 1989இல் ஒரு படத்துக்கு அவர் அமைத்த இசை ‘பேஷன்’ (Passion) என்று வந்தது. சென்னையில் பிறந்த எல். சங்கரின் இரட்டை வயலின் அதில் இழையோடும். அது கோவை. அதற்குத் தூண்டுதலாக இருந்த பல நாட்டு இசைகளை, நம் சங்கராபரணப் பல்லவி ஒன்று உட்பட, திரட்டி ‘பேஷன்: சோர்ஸஸ்’ என்று தனியே விட்டார்கள். அது தொகை. இரண்டையும் ‘இசைத்தொகுப்பு’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு என்ன புரியும்?

ஆகவே என் ஓட்டு ‘பாட்டுக்கோவை’க்கு. ‘இசைக்கோவை’ என்றும் சொல்லலாம், ஆனால் அது மெட்டமைப்பைச் சொல்கிறதோ என்று தோன்றிவிடும். தனியாகக் ‘கோவை’ என்றால் கோயம்புத்தூர்க்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். ஒலிப்பேழை, குறுந்தகடு, இலங்கையில் வழங்கும் இறுவட்டு எல்லாம் பாத்திரத்தின் பெயர், உள்ளிருக்கும் பண்டத்தின் பெயர் இல்லை. பேச்சில் ஆல்பம் ஆல்பமாகவே இருக்கட்டும், யாரும் திருத்த வேண்டாம்.

மறுவெளியீட்டுக்கு நம் புத்தகக் கடைச் சொற்களே போதும். அப்படியே திரும்ப விட்டால் மறு அச்சு. மூல ஒலிநாடாவிலிருந்து ஒலியின் அளவையும் சமநிலையையும் புதிதாகச் சீர்செய்தால் அது ரீமாஸ்டர், அதாவது செப்பமிட்ட பதிப்பு. 2002இன் ‘சோ’ பாட்டு வரிசையையும் மாற்றியதால் திருத்திய பதிப்பு.

2023இல் வந்த ‘ஐ/ஓ’வுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பாட்டாகப் பன்னிரண்டு பாட்டு விட்டு, டிசம்பரில் முழு ஆல்பமாக்கினார். அதே பாட்டுகள், ‘பிரைட்-சைட்’ என்றும் ‘டார்க்-சைட்’ என்றும் இரண்டு ஒலிக்கலவைப் பொறியாளர்கள் தனித்தனியே கலந்த இரண்டு வடிவம். சுற்றிலுமிருந்து கேட்கும் சூழொலியில் ‘இன்-சைட்’ என மூன்றாவதும் உண்டு. இதைப் பதிப்பு என்று சொல்ல முடியாது, எதுவும் எதற்கும் முந்தியதில்லை. ஏட்டுச்சுவடிக்காரர்களிடம் இதற்குச் சொல் இருக்கிறது: பாடபேதம். ஏடு எழுதியவர் கைப்பிழையால் வந்த பேதம் இல்லை இது, ஆசிரியரே ஆள் வைத்து உண்டாக்கியது. அப்புறம், எது மூலபாடம் என்று கேட்கக் கூடாது.